சனிக்கிழமை மதியம் நடக்கிற சொப்பு வேலை பத்தி பெற்றோர்களுக்கு ஒரு லெட்டர்

அன்பான பெற்றோர்களுக்கும் வீட்ல இருக்கிற தாத்தா பாட்டிங்களுக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளா உங்க வீட்ல காலி மாத்திரை அட்டை, தண்ணி பாட்டில் மூடி, பழைய கல்யாணப் பத்திரிகை எல்லாம் காணாம போயிட்டு இருக்கும், ஏன்டா குப்பைய கிளர்றன்னு திட்டியும் இருப்பீங்க, சில அம்மாங்க எனக்கே ஃபோன் பண்ணி சார் இது என்ன ப்ராஜெக்ட், எவ்ளோ மார்க்னு கேட்டாங்க. மார்க் கிடையாது. ப்ராஜெக்டும் கிடையாது. சனிக்கிழமை மதியம் விருப்பப்பட்ட பசங்க உக்காந்து குட்டி வீடு செய்றாங்க, அவ்ளோதான். வாட்ஸப்ல ஒவ்வொருத்தருக்கா பதில் போடறதுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே லெட்டரா எழுதிடலாம்னு உக்காந்தேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

நம்ம அஞ்சாம் கிளாஸ் டீச்சருக்கு ரொம்ப வருஷமா இது ஹாபி. ஸ்டாஃப் ரூம்ல எங்களுக்கே தெரியாது. மழை பேஞ்சு கிரவுண்டு பூரா தண்ணி நின்ன ஒரு நாள், பி.டி. பீரியட் இல்லாம பசங்க கத்திட்டு இருந்தப்ப அவங்க ஒரு ஷூ டப்பாவ திறந்து காட்டியிருக்காங்க. உள்ள ஒரு சமையல்கட்டு. அம்மி, அரிவாமணை, டபரா டம்ளர், சுவத்துல தினசரி காலண்டர், மூலையில தொடப்பம் சாத்தி வச்சிருக்கு. மிஸ் எங்களுக்கும் சொல்லிக்குடுங்கன்னு அன்னிக்கே ஆரம்பிச்சிட்டாங்க, என்கிட்ட பர்மிஷன் கேட்டு வந்தது டீச்சர் இல்ல, பசங்கதான்.

நம்ம பாண்டிச்சேரி பக்கம் இது ஒண்ணும் புதுசு இல்ல. வில்லியனூர் தேருக்கோ மாசி மகத்துக்கோ போயிட்டு சொப்பு சாமான் கேட்டு அழாத புள்ள உண்டா. பிள்ளைத்தமிழ்ல சிற்றில் பருவம்னு ஒரு பருவமே இருக்கு, நாங்க கட்டின மணல் வீட்ட வந்து அழிச்சிடாதேன்னு பொண்ணுங்க கெஞ்சற பாட்டு அது. நவராத்திரிக்கு கடலூர் வண்டிப்பாளையத்துலயும் பண்ருட்டியிலயும் பொம்மை வாங்கி படி கட்றவங்க பக்கத்துல மண்ணக் கொட்டி ஒரு பார்க்கும் போடுவீங்க. ஆனா கொலுவ நல்லா கவனிச்சுப் பாருங்க, செட்டியார் பொம்மையால பக்கத்துல இருக்கிற வீட்டுக்குள்ள நுழையவே முடியாது, அவர் அவ்ளோ பெருசு, வீடு அவ்ளோ சிறுசு. கொலுவுக்கு அது தப்பில்ல. நம்ம பசங்க செய்ற டால் ஹவுஸ் மினியேச்சர்ல, அதாவது நிஜ வீட்ட அப்படியே குட்டியாக்கி செய்றதுல மட்டும் அது கூடாது, எல்லாமே ஒரே கணக்குல சின்னதாகணும். இந்த ஹாபி வச்சிருக்கிறவங்க அதிகமா எடுத்துக்கற கணக்கு 12ல ஒரு பங்கு, அதாவது நிஜத்துல ஒரு அடி இருந்தா இங்க ஒரு இன்ச். இன்னும் சின்னதா 24ல ஒண்ணு, 48ல ஒண்ணுன்னும் செய்றாங்க, நம்ம பசங்க கைக்கு 12தான் சரி.

இது சின்னப் பசங்க வெளையாட்டுதானேன்னு ஒரு அப்பா சொன்னாரு. டெல்லியில ராஷ்டிரபதி பவன டிசைன் பண்ணின லட்யன்ஸ் இருக்காரே, அவரேதான் இங்கிலாந்து ராணி மேரிக்கு இதே 12ல ஒரு பங்கு கணக்குல ஒரு பொம்மை வீடும் டிசைன் பண்ணாரு, 1924ல முடிஞ்சது, இன்னைக்கும் விண்ட்சர் கோட்டையில இருக்கு. குழாயத் திறந்தா தண்ணி வரும், கரண்ட் லைட்டு எரியும், லிஃப்ட் ஓடும். அந்த வீட்டு லைப்ரரிக்குன்னு ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதின கானன் டாயில்கிட்டயே ஒரு குட்டிக்கதை வாங்கி தம்மாத்தூண்டு புக்கா வச்சிருக்காங்க. அதுக்கும் 200 வருஷத்துக்கு மேல முன்னாடியே ஆம்ஸ்டர்டாம்ல பெட்ரோனெல்லா ஊர்ட்மன்னு ஒரு பணக்கார அம்மா செஞ்சு வச்ச பொம்மை வீடு அங்க மியூசியத்துல இருக்கு, அதுக்கு ஆன செலவுல நிஜ வீடே வாங்கியிருக்கலாம்னு சொல்லுவாங்க. ஆக வெளையாட்டுதான், ஆனா பெரியவங்க வெளையாடின வெளையாட்டு.

நான் ஏன் இதுக்கு சரின்னு சொன்னேன்னா, அந்த சிலிண்டர் சண்டையப் பாத்துதான். சமையல்கட்டுக்கு கேஸ் சிலிண்டர் வேணும்னு ஒரு பையன் காலி இருமல் மருந்து பாட்டில செவப்பு பெயின்ட் அடிச்சு எடுத்துட்டு வந்தான். பக்கத்துல இருந்த பொண்ணு ஸ்கேல வச்சு அளந்துட்டு, டேய் இது நாலு அடிக்கு மேல வருது, உங்க வீட்டு சிலிண்டர் உன் ஒசரமாடான்னு கேட்டுச்சு. அவன் ஒத்துக்கல. மறுவாரம் வீட்ல டெய்லர் டேப் வச்சு நிஜ சிலிண்டர அளந்துட்டு வந்தான், ஒசரம் சுமாரா ரெண்டு அடி, அகலம் ஒரு அடிக்கு கொஞ்சம் மேல. அப்ப ரெண்டு இன்ச் ஒசரம் வேணும். தண்ணி பாட்டில் மூடி மூணு ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டினா கிட்டத்தட்ட அதே அளவு, மேல கம்பிய வளைச்சு வளையம் வச்சு, செவப்பு அடிச்சதும் அச்சு அசலா சிலிண்டர். இவன் கணக்கு பீரியட்ல ஜன்னல் வழியா ரோட்டப் பாக்கற பையன்.

எட்டாம் கிளாஸ் பசங்களுக்கு நான் ஒரு கேள்வி போட்டேன். வீட்ல இருக்கிற 15 லிட்டர் பக்கெட்ட 12ல ஒரு பங்கா செஞ்சா எவ்ளோ தண்ணி புடிக்கும்? ஒண்ணேகால் லிட்டர்னு எல்லாரும் உடனே கத்தினாங்க. குட்டி பக்கெட்ட செஞ்சு சிரிஞ்சால தண்ணி ஊத்திப் பாத்தா ரெண்டு டீஸ்பூன்கூட புடிக்கல. நீளம், அகலம், ஒசரம் மூணும் 12ல ஒரு பங்கு ஆகுதுல்ல, அப்ப 1728ஆல வகுக்கணும், 9 மில்லிகூட வராது. நான் போர்டுல எழுதி இத எத்தன தடவ சொன்னாலும் இப்படி ஏறியிருக்காது.

எந்த வீட்ட செய்யறதுன்னு பசங்களுக்குள்ள ஒரு குழப்பம். முக்காவாசிப் பேர் மஞ்சள் சுவரு, வெள்ளை பார்டர், போகன்வில்லா, அந்த பிரெஞ்சு வீடுதான் செய்வேன்னு நிக்கறாங்க, டூரிஸ்ட் வந்து ஃபோட்டோ எடுக்கறத பாத்துப் பாத்து அது மட்டும்தான் பாண்டிச்சேரின்னு ஆயிப்போச்சு. வேணாம்னு சொல்லல. ஆனா நம்ம தமிழ் வீதிப் பக்கம் வைசியாள் வீதில இருக்கிற மாதிரி ரோட்டுல போறவங்க மழைக்கு ஒதுங்கற தாழ்வாரம், அதத் தாண்டி திண்ணை, உள்ள முற்றம், இதெல்லாம் செய்ய எவ்ளோ நல்லா வரும் தெரியுமா. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷியா இருந்து டைரி எழுதின ஆனந்தரங்கப் பிள்ளை வீட்ட கொண்டுபோய் காட்டுங்க, கீழ நம்ம ஊரு மரத்தூண், மாடில பிரெஞ்சுக்காரன் பாணி தூண், ஒரே வீட்டுல ரெண்டும் இருக்கு.

வாடகை வீடு, ஒரே ரூம், அத போய் என்னத்த செய்யறதுன்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க. எனக்கு ரொம்ப புடிச்சதே ஒரு பொண்ணு செஞ்ச ஒத்த ரூம் வீடுதான், சுருட்டி வச்ச பாய், கொடில தொங்கற யூனிஃபார்ம், ஸ்டூல் மேல மிக்சி. மீனவங்க இருக்கிற வம்பாகீரப்பாளையத்துல இருந்து வர்ற பையன் வீட்டு வாசல்ல காயப் போட்ட வலைய வெங்காயப் பையில வெட்டி செஞ்சிருக்கான், மிதவைக்கு பாசிமணி கோத்திருக்கான். நம்ம பக்கத்து அரிக்கமேட்டுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மணி செஞ்ச ஊர்க்காரன்தானே.

செலவு பத்தி கேட்டவங்களுக்கு, கடைக்குப் போகவே வேணாம். மாத்திரை அட்டை ஃபாயில பென்சில் முனையில அழுத்தினா எவர்சில்வர் தட்டு. கல்யாணப் பத்திரிகை தங்க பார்டர் சாமி படத்துக்கு ஃப்ரேம். தொடப்பக்குச்சி ஜன்னல் கம்பி. பிளவுஸ் தைக்கற கடைல மிஞ்சற கட்பீஸ்ல தலகாணி, பெட்ஷீட். சாப்பாட்டு அயிட்டத்துக்கு மாவு வீட்லயே பிசையலாம், கார்ன்ஃப்ளவரும் ஃபெவிகாலும் சம அளவு, கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு, ரெண்டு சொட்டு எண்ணெய், கையில ஒட்டாத வரைக்கும் பிசைஞ்சு பிளாஸ்டிக் கவர்ல காத்து போகாம சுத்தி வைக்கணும். காயக் காய சுருங்கும், அதனால கொஞ்சம் பெருசாவே செய்யணும். இட்லி கால் இன்ச், தோசை ஒரு இன்ச். தோசைக்கு மாவ கவருக்கு நடுவுல வச்சு அழுத்தி, ஓரத்த நகத்தால லேசா பிச்சு விட்டு, டூத்பிக்கால நடுவுல இருந்து சுத்தி சுத்தி கோடு போடணும், கரண்டியால தேய்ச்ச தடம் அது. அப்புறம் பிரவுன் சாக்பீஸ சொரண்டி அந்தத் தூள காஞ்ச பிரஷ்ல தொட்டு மேல தடவினா முறுகலா வந்துடும். முழுசா காயறதுக்குள்ள மடிச்சிடணும், இல்லன்னா விரிசல் விடும். இத சொல்லிக்குடுக்கறப்ப எல்லா பசங்களுக்கும் பசி வந்துடுது, அதுக்கு மருந்து எங்ககிட்ட இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நீங்க செஞ்சு குடுக்காதீங்க. ஸ்கூல் ப்ராஜெக்ட்னா ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா தெர்மாகோல் வெட்டறதும், அப்பா கடைல ரெடிமேடா எரிமலை, சோலார் சிஸ்டம் வாங்கிட்டு வர்றதும் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இதுல அது வேணாம். கோணலா இருக்கட்டும், ஃபெவிகால் வழிஞ்சு காஞ்சு நிக்கட்டும், கதவு மூடாம போகட்டும். உங்ககிட்ட நான் கேக்கறது பக்கத்துல உக்காந்து உங்களுக்குன்னு தனியா ஒண்ணு செய்யுங்கன்னுதான். புள்ள வேலைய வாங்கி செய்யாதீங்க, உங்க வேலைய நீங்க செய்யுங்க. டீச்சர் அனுபவத்துல சொல்றாங்க, பெரியவங்க சொல்லிக்குடுக்க வந்தா பசங்க அரைமணி நேரத்துல எழுந்து ஓடிடுவாங்களாம், பெரியவங்க தன் பாட்டுக்கு செஞ்சிட்டு இருந்தா தானா வந்து ஒட்டிக்குவாங்களாம். பாட்டி வீட்ல அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு, உரல் எங்க கெடந்துச்சுன்னு கேள்வி வரும், அப்ப மட்டும் சொன்னா போதும். பையனுக்கு எதுக்கு சமையல்கட்டு பொம்மைன்னு யாராவது வீட்ல கேட்டா என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன்.

கொஞ்சம் ஜாக்கிரதையும் வேணும். சொட்டு விட்டதும் ஒட்டிக்கற இன்ஸ்டன்ட் பசைய பசங்க கையில குடுக்காதீங்க, பஞ்சு, காட்டன் துணி மேல கொட்டினா சூடாகி தோல சுட்டுடும். விரல் ஒட்டிக்கிச்சுன்னா புடிச்சு இழுக்காதீங்க, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில ஊற வச்சு மெதுவா பிரிங்க. கட்டர் பிளேடு பெரியவங்க கையில மட்டும். குட்டி லைட்டுக்கு போடற பட்டன் பேட்டரி எந்த வீட்லயும் வேணாம், அத முழுங்கிட்டா உள்ள போயி அரிச்சிடும், முழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே ஒரு நிமிஷம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடணும். தம்பி தங்கச்சி தவழ்ற வீடா இருந்தா பாசிமணி எல்லாம் மூடி போட்ட டப்பால, எட்டாத ஒசரத்துல. மைதா பசை காய்ச்சறவங்க பூச்சி வராம இருக்க பழைய வழக்கப்படி மயில்துத்தம் போடாதீங்க, அது விஷம். நம்ம ஊரு கடல் காத்துக்கும் ஐப்பசி மழைக்கும் மைதா பசை பூத்துப்போய் கரப்பான் வேற வந்துடும், அதனால ஃபெவிகாலே போதும்.

மூணாம் கிளாஸ்ல இருந்து எட்டாம் கிளாஸ் வரைக்கும் யார் வேணும்னாலும் வரலாம், ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு நாலு மணிக்கு விட்டுடுவோம், வேன் அந்த டைமுக்கு கிடையாது, நீங்கதான் வந்து கூட்டிட்டுப் போகணும். பரீட்சை வாரத்துல நடக்காது. உங்கள்ல கார்பெண்டர், டெய்லர், எலக்ட்ரீஷியன், தச்சு வேலை தெரிஞ்ச தாத்தா யாராவது இருந்தா ஒரு சனிக்கிழமை வந்து பசங்களோட உக்காருங்க, எங்க யாருக்கும் நேரா ரம்பம் போடத் தெரியாது. அரையாண்டு லீவுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஹால்ல பெஞ்சு மேல வைப்போம், ப்ரைஸ் எதுவும் கிடையாது, ஃபர்ஸ்ட் செகண்டும் கிடையாது, வந்து பாருங்க. தொட்டுப் பாக்கணும்னா செஞ்ச புள்ளைகிட்ட கேட்டுட்டு தொடுங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: மாத்திரை அட்டை தேவைக்கு மேல சேர்ந்துடுச்சு, இனிமே அனுப்ப வேணாம். தீப்பெட்டியும் வெங்காய வலைப்பையும்தான் பத்தல. தீப்பெட்டில குச்சி இல்லாம பாத்து அனுப்புங்க.