தரைநிலைய மென்பொருள் கைமாறும்போது

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது செய்தித்தாள் படிக்கிறார்.

செயற்கைக்கோள் சோதனை முடிந்து, தரைநிலைய மென்பொருளை (செயற்கைக்கோளோடு தரையிலிருந்து பேசும் மென்பொருளை) இயக்கக் குழுவிடம் ஒப்படைக்கப்போவதாக எழுதியிருந்தாய். ஆய்வகத்துக்கு ஒரு தரவுத்தளம், கட்டுப்பாட்டறைக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள். திரைகள் வேறாக இருக்கட்டும். டெலிமெட்ரி (செயற்கைக்கோள் அனுப்பும் அளவீடுகள்), கட்டளைத் தரவுத்தளம் ஒன்றுதான் இருக்க வேண்டும். பேட்டரி வெப்பநிலைக்கான கேலிபரேஷன் வளைவை (சென்சார் தரும் எண்ணை டிகிரியாக மாற்றுவதை)ச் சோதனையில் திருத்துவார்கள். இன்னொரு பிரதி இருந்தால் அதில் அந்தத் திருத்தம் நிச்சயம் விட்டுப்போகும்.

ஆய்வக மேசையில் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) வரிசை தவறாமல் வரும். விண்ணுக்குப் போனதும் அப்படியல்ல. இரண்டு நிலையங்கள் ஒரே பாக்கெட்டைப் பிடிக்கும். நேற்றுப் பதிவானது இன்று இறங்கும். வந்த நேரத்தை வைத்து அடுக்கினால் வரைபடம் பொய் சொல்லும், செயற்கைக்கோளின் கடிகார நேரத்தை வைத்தே அடுக்குங்கள். சிசிஎஸ்டிஎஸ் (விண்வெளித் தரவுக்கான சர்வதேசத் தரம்) பாக்கெட்டின் வரிசை எண் 14 பிட் மட்டுமே: 16,383-க்குப் பிறகு 0. நொடிக்கொரு பாக்கெட் என்றால் நாலரை மணி நேரத்தில் சுழன்றுவிடும். இரண்டு மணி நேரச் சோதனையில் இது கண்ணில் படவே படாது. ஜிபிஎஸ் நேரம் யுடிசியைவிட (உலகப் பொது நேரத்தைவிட) 18 நொடி முன்னால் ஓடுவதையும் பாருங்கள். பூமிக்கு அருகிலுள்ள தாழ்சுற்றில் நொடிக்கு 7.5 கிலோமீட்டர் என்றால் செயற்கைக்கோளின் இடத்தில் 135 கிலோமீட்டர் பிசகு!

அலகுகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். நாசாவின் செவ்வாய் விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரை நீயும் அறிவாய், ஆனால் அதில் தரை மென்பொருள் கட்டம் கட்டமாக எப்படிப் போனது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1998 டிசம்பர் 11-இல் ஏவினார்கள். சூரியத் தகடு ஒரு பக்கம் மட்டும் இருந்ததால், கலத்தின் திசையைப் பிடித்துவைக்கும் சுழல்சக்கரங்களின் வேகத்தைக் குறைக்க த்ரஸ்டரை (சிறு உந்துபொறியை) எதிர்பார்த்ததைவிட 10 முதல் 14 மடங்கு அடிக்கடி இயக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கிடைத்த உந்தலைத் தரை மென்பொருள் கணக்கிட்டு, ஒரு கோப்பில் வழிகாட்டுக் குழுவுக்குத் தர வேண்டும். முதல் நான்கு மாதம் கோப்பின் வடிவத்திலேயே பிழை, யாரும் பயன்படுத்தவில்லை. 1999 ஏப்ரலில் வடிவத்தைச் சரிசெய்தார்கள். உள்ளே இருந்த எண்ணோ நியூட்டன்-நொடிக்குப் பதில் பவுண்டு-நொடி, 4.45 மடங்கு குறைவு. ஒரு வாரத்துக்குள்ளேயே ஏதோ பொருந்தவில்லை என்று தெரிந்தும், பிழைப் பதிவாக முறைப்படி எழுதப்படவில்லை. செப்டம்பர் 23 அன்று 226 கிலோமீட்டர் உயரத்துக்குக் குறிவைத்த விண்கலம் சுமார் 57 கிலோமீட்டரில் வளிமண்டலத்துக்குள் போய்விட்டது.

கோப்பு திறக்கிறது என்பதால் அது சரி என்று ஆகாது, கதிர். கைக்கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: 1 நியூட்டன் த்ரஸ்டர் 10 நொடி எரிந்தால் கோப்பில் 10 நியூட்டன்-நொடி வர வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும், ஏவிய பிறகு போடும் சின்னத் திருத்தத்துக்கும்கூட, முதல் நிலையிலிருந்து கடைசிவரை இதை ஓட்டுங்கள். ஏவிய பிறகு அவசரத்தில் போடும் திருத்தங்கள்தான் சோதனைக்குத் தப்புகின்றன.

மென்பொருளை எழுதியவர்களில் ஒருவராவது ஏவிய பின் சில மாதம் கட்டுப்பாட்டறையில் உட்காரட்டும். எந்த எச்சரிக்கை வழக்கமானது, எது புதிது என்பது அவருக்குத்தான் தெரியும்.

உங்கள் தரவுத்தளத்தில் அலகுக்கென்று தனி நெடுவரிசை இருக்கிறதா, அல்லது விளக்கக் குறிப்புக்குள் கிடக்கிறதா? அதை மட்டும் உடனே பார்த்து எழுது.

அன்புடன்,
முருகேசன்