கிணற்றடி முருங்கை

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் கிடைத்தது. தை மாதம் கானாடுகாத்தான் வீட்டைத் திறந்து பேத்தி கல்யாணத்தை நடத்தப்போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. பூட்டியே கிடந்த வளவு முற்றத்தில் மறுபடியும் பந்தி நடக்கப்போகிறது. சமையல் ஆள், மேளம், பலகாரம் எல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். அதற்கு முன் உனக்கு எழுதியே ஆகவேண்டியது ஒன்று இருக்கிறது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் சாவி வாங்கி உள்ளே போய் வந்தேன். ஓடு ஓரிரு இடத்தில் விலகியிருக்கிறது. முகப்பும் பட்டாலைக் கூடமும் நன்றாகவே இருக்கின்றன. மூன்றாம் கட்டைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனால், முருங்கையின் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. தூரத்திலிருந்து பார்க்க, யாரோ சாக்குத் துண்டை மரத்தில் சுற்றிவைத்தது போல் இருந்தது. கிட்டே போனதும் அத்தனையும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி உதறின. மழை விழுந்ததும் அந்துப்பூச்சி வந்து இலையில் கொத்துக் கொத்தாக முட்டையிடும். பொரித்த புழுக்கள் பகலில் இப்படி அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். மரத்துக்கு நேர் எதிரே துணி காயப்போடும் கொடி. அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

காரணம் இருக்கிறது. போன வருடம் என் தம்பியின் பேரன் இப்படிக் கொடியில் காய்ந்த துண்டை எடுத்து முகம் துடைத்தான். பூச்சி அவன் மேல் ஊரவே இல்லை. துண்டில் ஒட்டியிருந்த ரோமமே போதுமானதாக இருந்தது. கண் சிவந்து நீராகக் கொட்டியது. தூசி என்று நினைத்துக் கசக்கவிட்டார்கள்; யாரோ தாய்ப்பால் விடச் சொன்னார்கள், அதையும் விட்டார்கள். வலி அடங்காமல் போன பிறகுதான் மதுரைக்கு அழைத்துப் போனோம். கண் டாக்டர் வெளியே தெரிந்த ரோமங்களை எடுத்துவிட்டு, ஒன்றைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார். தண்டு நெடுகச் சின்னச் சின்ன முட்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும், கசக்கும்போதும் ரோமம் முன்னேதான் நகரும், பின்னால் வராது. அப்படியே கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விட்டால் கண்ணுக்குள் முடிச்சு முடிச்சாக வீங்கிப் பார்வையையே கெடுத்துவிடும் என்றார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனாலும் ரோமம் எதுவும் ஆழத்தில் தங்கிவிட்டதா என்று பார்க்க மாதக்கணக்கில் மதுரைக்கு அலைந்தோம்.

அதிலிருந்து இந்தப் பூச்சிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன், வள்ளி. நம் முருங்கைப் பூச்சி ரோமத்தால் படுத்துகிறது. அது தோலில் உடைந்து தங்கிவிடுவதால் அரிப்பும் தடிப்பும் நாள் கணக்கில் நீள்கின்றன. தென்னை மட்டையில் இருக்கும் பச்சைப் புழு வேறு ரகம். அதன் முள்ளுக்குள் விஷம் இருக்கிறது, பட்ட உடனே சுரீரென்று வலிக்கும். உயிரையே வாங்கும் வகை தெற்கு பிரேசிலில் உண்டு, லோனோமியா என்று பெயர். அதுவும் மரத்தில் கூட்டமாகத்தான் இருக்குமாம். தெரியாமல் கை வைத்தவருக்கு இரத்தத்தை உறையவைக்கும் சத்தெல்லாம் உடம்புக்குள்ளேயே செலவாகித் தீர்ந்துபோகும். பிறகு ஈறிலும் ஆறிய பழைய காயத்திலும்கூட இரத்தம் கசியும். சிறுநீரகம் பழுதாகும், மூளையில் கசிந்தால் உயிரே போகும். சாவு பல கண்ட பிறகு, 1990-களில் சாவோ பாவுலோவிலுள்ள புத்தாந்தான் நிறுவனம் அந்தப் புழுவின் முள் விஷத்தைக் கொண்டே முறிமருந்து தயாரித்தது.

இன்னொன்று என்னை அதிகம் உலுக்கியது. நம் ஐயாமார் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக் கணக்கு எழுதிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ரப்பர் மரத்தின் சொந்த ஊரான அமேசான் காட்டில் பால் எடுப்பவர்களை பராராமா என்ற கம்பளிப்பூச்சி வாட்டுகிறது. மரத்தைத் தடவித் தடவி வேலை செய்கிற கையில் அதன் ரோமம் திரும்பத் திரும்பப் பட்டு, விரல் மூட்டு வீங்கி, கடைசியில் மடங்காமலே விறைத்துவிடும். கையை நம்பிப் பிழைப்பவனுக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? நம் ஊரில் இதை வெறும் அரிப்பு என்று ஒதுக்கிவிடுகிறோம்.

நம் பக்கத்துப் பூச்சி அந்த அளவுக்குப் போகாது, நீ பயப்படாதே. ஆனால் கல்யாண வீட்டில் குழந்தைகள் கிணற்றடியில்தான் ஓடுவார்கள். பூச்சி பட்டால் ஆச்சிமார் விபூதியும் சுண்ணாம்பும் கொண்டுவந்து தேய்ப்பார்கள். அன்பாகச் சொல்லித் தடுத்துவிடு. எதைத் தேய்த்தாலும் ரோமம் உடைந்து உள்ளேதான் போகும். பட்ட இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தால் ரோமம் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், உடுத்திய துணியை மாற்ற வேண்டும். எரிச்சலுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் கட்டி வைக்கலாம். உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரை மட்டும் விட்டு, அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தீப்பந்தம் காட்டிக் கருக்கிவிடலாம் என்றார். காட்டிலும் மேட்டிலும் காலங்காலமாக அப்படித்தான் செய்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த கிணற்றடியில் சூட்டோடு ரோமம் பறந்து கட்டுக்குள் வந்துவிடும். செத்த பூச்சியின் ரோமமும், அது கழற்றிப் போட்ட தோலும்கூட அரிக்கும். அதனால் வேறு வழி சொல்லியிருக்கிறேன். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகத்துக்குத் துணி. நீளக் கம்பால் மெதுவாக வழித்துச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ள வேண்டும். எட்டாத இடத்துக்கு மீன் எண்ணெய்ச் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். உன் மகன் மரத்தையே வெட்டச் சொன்னானாம். வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அந்த மரத்துக் கீரை தின்று வளர்ந்த வீடு அது. பூச்சிக்குப் பயந்து வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

முகூர்த்தக்கால் ஊன்றுவதற்கு முன்பே இந்த வேலை முடிந்துவிடும். கொடியைக் கழற்றி இரண்டாம் கட்டு வாசலில் கட்டச் சொல்லியிருக்கிறேன். பட்டாலையில் கிடக்கும் பழைய பாய், தலையணைகளை வைத்துக்கொள்வதா, போட்டுவிடுவதா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் தோழி