மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் "சரிம்மா, நீ அலையாதே, ரெஸ்ட் எடு" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கட்டிலைக் கீழே போட்டுக்கொள்ளச் சொல்கிறாயே, அது வேண்டாம். ரெஸ்ட் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. போன வருஷம் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "வலது முட்டி ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனி மாடி ஏறாதீர்கள்" என்றார். நானும் எட்டு மாதம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வலி போகவில்லை. நாற்காலியை விட்டு எழவே கையை ஊன்ற வேண்டியதாகிவிட்டது.

ஆவணியில் பிசியோதெரபிக்குப் போனபோது அங்கிருந்த பெண் இஞ்ச் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்தாள். வலது தொடை 2 சென்டிமீட்டர் குறைவு. "முட்டி இருக்கட்டும்மா, அதைத் தாங்குற சதையே கரைஞ்சு போச்சு" என்றாள். ஜவ்வுக்கு இரத்தக் குழாயே கிடையாதாம். மூட்டுக்குள் இருக்கிற நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. பஞ்சை அமுக்கி விட்டால் தண்ணீர் குடிக்குமே, அந்த மாதிரி மூட்டு அசைந்தால்தான் அது உள்ளே போகும். தேய்ந்தது திரும்ப முளைக்காது என்பதையும் அவளே சொல்லிவிட்டாள். பூசி மெழுகாமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

காலையில் காபி ஆனதும் கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்கி ஐந்து எண்ணி விடுவேன். பத்து தடவை. அப்புறம் காலை மடக்காமல் ஒரு சாண் தூக்குவது. மூன்றாம் வாரம் கணுக்காலில் எடை கட்டச் சொன்னாள். இதற்குக் காசு கொடுப்பானேன் என்று பழைய ரவிக்கைத் துணியில் பை தைத்து, அரைக் கிலோ கல்லுப்பைப் போட்டுக் கட்டினேன். ஐப்பசி மழையில் உப்பு கசிந்து பாயெல்லாம் ஈரம். உன் அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இப்போது மணல்.

கடைசியில் நாற்காலி. வழுக்காமல் இருக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார வேண்டும். முதல் நாள் 30 விநாடியில் 4. போன வெள்ளிக்கிழமை 11.

வலிக்காதா என்பாய். வலிக்கும். பொறுக்கிற அளவுக்கு வலிக்கலாம், மறுநாளைக்குள் பழையபடி ஆகிவிட வேண்டும். ஆகாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. கொலு வேலையில் நான் நிறுத்தினேன். விஜயதசமிக்குள் முட்டி காட்டிக்கொடுத்துவிட்டது.

வெளிநாட்டுக்காரன் சொன்னால்தான் நீ நம்புவாய். டென்மார்க்கில் 2013-லிருந்து முட்டி தேய்ந்தவர்களுக்கு வாரம் இரண்டு நாள், ஆறு வாரம் என்று 12 வகுப்பு நடத்துகிறார்களாம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது வந்துவிட்டதாம். அங்கேயும் இதே நாற்காலிதான்.

எடையும் 3 கிலோ குறைந்திருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் மிச்சமாம். ராத்திரிச் சோற்றை விட்டேன், வடையை விட முடியவில்லை.

நீ அனுப்பிய தைலமும் முட்டி உறையும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. இனிமேல் அனுப்பாதே. கட்டில் நகர்த்துகிற செலவுக்குப் பதிலாக மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்துக் கொடு. ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கிறேன், இறங்கும்போது வலிக்கிற காலை. ஆனாலும் பிடிக்க ஒன்று வேண்டும். வலது முட்டிக்கு இடது கையில் பிடிப்பது நல்லதாம். ஏறும்போது இடப்பக்கம் இருப்பது இறங்கும்போது வலப்பக்கம் ஆகிவிடுமே, அதனால் இரண்டு பக்கமும் வைக்கச் சொல். வெல்டரிடம் அப்பா பேசிவிட்டார்.

அன்புடன்,
அம்மா