மாங்கனிக் கண்காட்சியில் மாம்பழத்துக்கு உரிய இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரியில் ஆனி மாதத்தை ஒட்டி நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி முடிந்ததும் ஆண்டுதோறும் இரண்டு பேச்சு கிளம்பும். ராட்டினமும் டெல்லி அப்பளமும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்பது ஒன்று. காய்க்கு விலையே இல்லாதபோது விழா எதற்கு என்பது மற்றொன்று. 2025இல் பெங்களூரா ரக மாங்காய் கிலோ ஒற்றை இலக்க ரூபாய்க்கு இறங்கி, பறிகூலிக்கே கட்டாத நிலை வந்தபோது இரண்டாவது கேள்வி கோபத்தோடே கேட்கப்பட்டது. மாந்தோப்பும் ஒட்டுச்செடி நாற்றுப்பண்ணையும் வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கண்காட்சி வேண்டும், விலை சரிந்த ஆண்டில் இன்னும் கூடுதலாக வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அதன் நடுவே இருக்க வேண்டிய ரகத் தட்டுகளும் (ரகத்துக்கு ஒரு தட்டாகப் பழம் வைத்துக் காட்டுவது) பழப் போட்டியும் இன்னும் கறாராக நடக்க வேண்டும்.

முதலில் ராட்டினம். அதை எடுத்துவிடச் சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பர்கூர், வேப்பனப்பள்ளி, ஊத்தங்கரை, மொரப்பூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பஸ் ஏறி வருவது பிள்ளைகளின் ராட்டினத்துக்காகத்தான். வந்த இடத்தில் வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை அரங்குகளைப் பெரியவர்கள் பார்க்கிறார்கள், மகளிர் குழுக்களின் சாமை, ராகிப் பண்டங்களை வாங்குகிறார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004க்கு முன்பே, தருமபுரி மாவட்டத்தின் ஊராக இருந்தபோதே தொடங்கிய கண்காட்சி இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறவர்கள் சாமி, சாதி, கட்சி எதுவும் கேட்கப்படாமல் ஒரே திடலில் நிற்கிற நிகழ்ச்சிகளை இந்த வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே ராட்டினம் இருக்கட்டும். நுழைவாயிலுக்கும் ராட்டினத்துக்கும் நடுவில் மாம்பழக் கூடம் வந்தால் போதும். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை எல்லோரும் அதைக் கடந்தே ஆக வேண்டும்.

ரகத் தட்டுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மாவட்டத்தில் 30,000 எக்டேருக்கும் மேல் மா இருக்கிறது. அதில் பெரும்பங்கை பெங்களூரா பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. அது ஏறக்குறைய ஆண்டுதோறும் காய்க்கும். தோல் தடிமன் என்பதால் லாரியில் அடிபடாது. சதை அதிகம், சுமார் இரண்டு டன் காய்க்கு ஒரு டன் கூழ் கிடைக்கும். வாசனை மட்டானது என்பதால் அல்போன்சா கூழோடு கலக்கவும் தோதானது. ஆனால் இவை எல்லாம் மாம்பழக் கூழ் ஆலைக்கு வேண்டிய குணங்கள். ஆலையில் போன ஆண்டின் கூழ் டிரம் டிரம்மாகத் தேங்கிவிட்டால் இந்த ஆண்டு காயை வாங்க ஆள் இருக்காது. ஒரே ரகத்தை வைத்திருப்பவருக்கு அப்போது வேறு வழி கிடையாது. செந்தூராவும் பங்கனபள்ளியும் மல்கோவாவும் இமாம்பசந்தும் சாப்பிடுவதற்காக வாங்கப்படும் பழங்கள். அவற்றுக்குச் சந்தை சிறியது, ஆனால் ஆலையை நம்பியது அல்ல. தோப்பில் நாலில் ஒரு பங்கையாவது மேலொட்டு வைத்து, அதாவது வளர்ந்த மரத்திலேயே வேறு ரகத்தை ஒட்டுக்கட்டி, மாற்றலாமா என்று யோசிக்கும் விவசாயி முதலில் அந்தப் பழத்தைப் பார்க்க வேண்டும், அறுத்துத் தின்ன வேண்டும். மண்டியில் அதற்கு வழியில்லை. அங்கே எல்லாம் பச்சைக் காயாக வந்து பச்சைக் காயாகவே போய்விடும்.

இங்கேதான் முதல் சிக்கல். கண்காட்சி நடப்பது ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரங்களில். அப்போது மரத்தில் தாராளமாக இருப்பது பெங்களூராவும் நீலமும்தான். செந்தூரா, அல்போன்சா, இமாம்பசந்த் எல்லாம் முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும். கடைசியாகக் கிடைத்த வாடல் பழங்களைத் தட்டில் வைத்தால் அந்த ரகத்துக்கே கெட்ட பெயர். முற்றிய காயாகப் பறித்து 12 முதல் 13 டிகிரி செல்சியஸில், 85 முதல் 90 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். 10 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்து, குழி விழுந்து, பாதி பழுத்தும் பாதி பழுக்காமலும் நிற்கும். வீட்டு ஃபிரிட்ஜில் காயாக வைத்த மாங்காய் கெடுவதும் இதனால்தான். காய்கறி, உருளைக்கிழங்கு வைக்கும் குளிர்பதனக் கிடங்கின் குளிர் மாங்காய்க்கு ஆகாது. எனவே மாங்காய்க்கென்று ஒரு தனி அறையை மே மாதத்திலேயே ஒதுக்கி வைத்து, கண்காட்சிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து ரகவாரியாகக் காய் சேர்க்க வேண்டும்.

தட்டுக்கு ஐந்து பழம், தகரப் பந்தலின் வெக்கையில் மூன்று நாளுக்கு மேல் நிற்காது. 25 நாள் கண்காட்சி என்றால் எட்டு முறை மாற்ற வேண்டும், அதாவது முதலில் அடுக்குவதையும் சேர்த்து ரகத்துக்கு 45 பழம். முதல் நாள் திறப்பு விழாவுக்கு மட்டும் அடுக்கிவிட்டு விட்டால், பத்தாம் நாள் வருகிறவர் பார்ப்பது காம்பழுகலைத்தான். பழங்கள் ஒன்றையொன்று தொடாமல் வைப்பதும், மேலே சூடான விளக்குக்குப் பதில் எல்இடி போடுவதும் செலவில்லாத வேலை. தட்டுக்கு முன்னால் ரகத்தின் பெயர் மட்டும் எழுதினால் போதாது. எந்த ஊர்த் தோப்பு, மரத்தின் வயது, பறித்த தேதி, ஆண்டுதோறும் காய்க்குமா இடைவிட்டுக் காய்க்குமா, இந்த நான்கும் வேண்டும். பெங்களூராவுக்குப் பக்கத்தில் கிளிமூக்கு, தோத்தாபுரி என்றும், பங்கனபள்ளிக்குப் பக்கத்தில் பேனிஷான் என்றும் போட்டுவிட்டால் எல்லைப்புறத்து விவசாயிக்குக் குழப்பமில்லை.

அடுத்து போட்டி. பரிசுக்கு வரும் பழத்தைப் பறிக்கும்போதே பாதி வெற்றி தீர்மானமாகிவிடுகிறது. காம்பை ஒட்ட ஒடித்தால் பால் பீறிட்டுத் தோலில் வழியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் கரும்பழுப்புக் கோடாக நிற்கும். ஒரு அங்குலக் காம்போடு பறித்து, நிழலில் வந்தபின் காம்பை அரை அங்குலத்துக்குக் குறைத்து, காம்பு கீழே பார்க்கக் கவிழ்த்து இரண்டு மூன்று மணி நேரம் பால் வடியவிட வேண்டும். காய் முற்றியதா என்று பார்க்க வாளித் தண்ணீரே போதும். மூழ்கினால் முற்றியது, மிதந்தால் பறிக்க அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். காம்பின் இருபுறமும் தோள் உயர்ந்து, காம்படி குழிந்திருப்பது இன்னொரு அடையாளம்.

நடுவர்கள் பார்வைக்கே மதிப்பெண்ணை வாரிக் கொடுத்தால் பூச்சிக்கொல்லி அதிகம் அடித்தவருக்குத்தான் பரிசு போகும். நூற்றில் 30 மட்டும் வெளித்தோற்றத்துக்கு என்று வைக்கலாம்: ஐந்தும் ஒரே அளவாக இருப்பதற்கு 15, தோல் சுத்தத்துக்கு 15. மீதி 70ஐ அறுத்துப் பார்த்தே கொடுக்க வேண்டும். சுவையும் மணமும் 30, சதைப்பற்று 15, பிரிக்ஸ் எனப்படும் இனிப்பளவு 15, நாரில்லாமை 10. பிரிக்ஸ் பார்க்கும் ரெஃப்ராக்டோமீட்டர் கையடக்கமான கருவி. காய்ச்சி வடித்த நீரில் சுழியம் வைத்து, பழத்தின் இரு கன்னத்திலும் நடுப்பகுதிச் சாற்றை எடுத்துக் கலந்து ஒரு சொட்டு விட வேண்டும். ஒரே இடத்தில் எடுத்தால் காம்புப் பக்கத்துக்கும் நுனிக்கும் அளவு வேறுபட்டுச் சண்டை வரும். ஏற்றுமதிக் கூழுக்கு பெங்களூராவில் 14, அல்போன்சாவில் 16 பிரிக்ஸ் குறைந்தபட்சம் என்பது ஆலைகளின் வழக்கமான கணக்கு. தன் பழம் எத்தனை காட்டுகிறது என்று எல்லோரும் பார்க்க ஒரு கருவியைப் பொதுமேசையில் வைத்தாலே கூட்டம் நிற்கும். ஆலை வாசலில் காய்க்குத் தரம் போதாது என்று சொல்லப்படும்போது எதிர்க்கேள்வி கேட்கவும் அந்த எண் உதவும்.

அறுக்காமல் தெரியாத குறைகள் இரண்டு உண்டு. கோலிக்குண்டு அளவுக் காயிலேயே முட்டை வைக்கும் கொட்டைக் கூன்வண்டு ஒன்று. புழு உள்ளே போன துளை மூடிக்கொள்ளும், வெளியே தழும்பும் இருக்காது, கொட்டையைப் பிளந்தால்தான் தெரியும். நீலத்திலும் பெங்களூராவிலும் இது கூடுதல். மற்றது அல்போன்சாவின் பஞ்சுச் சதை. கொட்டையை ஒட்டி வெளிறி, புளித்துப்போன திட்டாக இருக்கும். தட்டுக்கு இரண்டு பழத்தையாவது கொட்டை வரை பிளந்து பார்க்காத போட்டியைப் போட்டி என்று சொல்ல முடியாது. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு மண்டிக்காரர் ஒருவரும், பழம் வாங்கிப் பழகிய குடும்பத் தலைவி ஒருவரும் நடுவராக உட்காரட்டும்.

பரிசு வாங்காத பழங்களுக்கும் ஒரு மேசை வேண்டும். இது எங்கள் பிடிவாதமான கோரிக்கை. பழ ஈ குத்திய பழம், ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோயால் கரும்புள்ளி விழுந்தது, பால் பட்டது, தத்துப்பூச்சியின் தேன்கழிவில் கரும்பூசணம் படிந்தது, கார்பைடு வைத்தது எல்லாவற்றையும் பெயர் எழுதி, பக்கத்திலேயே பரிகாரத்தையும் வைக்க வேண்டும். பழ ஈக்கு, ஆண் ஈயைக் கவரும் மெத்தில் யூஜினால் பொறி ஏக்கருக்குப் பத்து. கரும்புள்ளிக்கு 52 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முக்குதல். கையால் தொட்டுப் பார்க்கும் சூட்டுக்கணக்கு இதற்கு ஆகாது, தெர்மாமீட்டர் வேண்டும். சூடு குறைந்தால் பூசணம் சாகாது, ஏறினால் தோல் வெந்துவிடும். கார்பைடு தடைசெய்யப்பட்டது என்று எழுதி ஒட்டினால் மட்டும் யாரும் நிறுத்திவிட மாட்டார்கள். அனுமதிக்கப்பட்ட எத்திலீன் அறை எப்படி வேலை செய்கிறது என்று, 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) அளவுக்குள் வாயு, 20 முதல் 25 டிகிரி வெப்பம், ஒரு நாள் அடைப்பு, அதன்பின் சில நாளில் பழுப்பு என்று, சிறிய மாதிரி அறையாகவே காட்டலாம். கார்பைடு பழம் வெளியே ஒரே மஞ்சளாகவும் உள்ளே புளிப்பாகவும் இருப்பதை அதே மேசையில் அறுத்துக் காட்டினால் வாங்குகிறவர்களுக்கும் புரியும்.

நாட்டு மாமரங்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு வேண்டும். ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் கொட்டையிலிருந்து முளைத்து வளர்ந்த மரங்கள் சாலை அகலப்படுத்தவும் செங்கல் சூளைக்கும் வெட்டப்படுகின்றன. நம் பக்கத்து மாங்கொட்டை பெரும்பாலும் தாயைப் போல் வராது, ஒவ்வொரு நாட்டு மரமும் தனி ரகம். ஊறுகாய்க்கு ஏற்ற புளிப்போ, வடுவுக்கு ஏற்ற மணமோ அந்த ஒரு மரத்தோடு போய்விடும், ஒட்டுக் கட்டி வைத்தால் ஒழிய. ஐந்து காயும் ஒரு இலைக்கொத்தும் மரம் நிற்கும் இடமும் கொண்டுவருகிறவரைப் பதிவு செய்து, நல்லதாகத் தேறியதற்குச் சந்தூர்ப் பக்கத்து நாற்றுப்பண்ணைகள் ஒட்டுக்குச்சி எடுக்க ஏற்பாடு செய்யலாம். பென்சில் பருமனில், மூன்று நான்கு மாதம் முற்றிய கிளையைத் தேர்ந்து, வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைத்தாளை மட்டும் நறுக்கிக் காம்பை விட்டுவைத்தால் மொட்டு திரண்டு வரும். வெட்டிய குச்சியை ஈரத்துணியில் சுற்றி உடனே கட்டிவிட வேண்டும். மரத்துக்காரருக்கு முதல் பத்துச் செடி இலவசம் என்று அறிவித்தால் கோடரிக்குப் போகும் மரங்களில் சில தப்பும்.

ஆடியில் நடவு தொடங்குவதால் கண்காட்சி நேரம் ஒட்டுச்செடி விற்பனைக்கும் ஏற்றதுதான். எங்கள் தொழிலைப் பற்றி நாங்களே சொல்வது சரியல்ல, இருந்தாலும் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதை ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்: ஒட்டு மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறதா, ஒட்டிய இடம் வீங்காமல் சேர்ந்திருக்கிறதா, கட்டிய நாடா பிரிக்கப்பட்டதா, ஒட்டுக்கு மேலே இரண்டு தளிராவது முற்றியிருக்கிறதா, பைக்குள் வேர் சுருளாமல் இருக்கிறதா. ஒட்டு மண்ணுக்குள் புதைய நட்டாலோ, கீழிருந்து வரும் தளிரைக் கிள்ளாமல் விட்டாலோ சில ஆண்டில் தோப்பில் நிற்பது அடிச்செடிதான். ரசீதில் ரகத்தின் பெயரை எழுதித் தர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். ஏமாற்றியது தெரிய நாலைந்து ஆண்டாகும் வியாபாரம் இது.

மேடை நிகழ்ச்சி பற்றி ஒன்று மட்டும். தெருக்கூத்துக் குழுவை அழைத்து இருபது நிமிடம் கொடுப்பதைவிட அழைக்காமலே இருக்கலாம். முகம் எழுதி, கட்டை கட்டி, கிரீடம் வைக்கவே அவர்களுக்கு மணிக்கணக்கில் ஆகும். வாரத்தில் ஓர் இரவாவது பத்து மணியிலிருந்து விடியும்வரை முழுக்கூத்து நடக்கட்டும். திரைப்பாட்டுக் கச்சேரி மற்ற நாட்களில் இருக்கவே இருக்கிறது.

கடைசியாக, போட்டி விதிகள் பங்குனி கடைசிக்குள் வெளியாக வேண்டும். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அறிவித்தால் இருக்கிற காயில் பெரியதைப் பொறுக்கிக் கொண்டுவர மட்டுமே முடியும். புள்ளியும் பழ ஈயும் இல்லாத பழம் வேண்டுமானால் காய் முட்டை அளவில் இருக்கும்போதே, பறிப்புக்கு 45 முதல் 60 நாள் முன்பாகவே, காகிதப் பை கட்ட வேண்டும். கிளையில் நெருங்கிய காய்களைக் கலைத்துவிடுவதும் அப்போதுதான். எந்தெந்த ரகம், தட்டுக்கு எத்தனை பழம், மதிப்பெண் எப்படி என்பதை வட்டார தோட்டக்கலை அலுவலகங்களில் முன்கூட்டியே ஒட்டிவிட மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மா விவசாயிகள், நாற்றுப்பண்ணையாளர்கள் சிலர்,
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.