கைபேசியைக் குறைத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கடந்த வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் கண் வறட்சி பற்றிய கட்டுரையில், "கைபேசியைக் குறைத்தால் போதும்" என்று ஒரு வரி. அதை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ரப்பர் பால் வெட்டும் அவரிடம் இருப்பது பட்டன் போன்.

3 வருடம் அவருடைய இடது கண் தினமும் காலையில் பீளை கட்டிச் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. பால் உறைய ஊற்றும் ஆசிட் பட்டிருக்கும் என்றார்கள், தூசி என்றார்கள். சொட்டு மருந்தை மாற்றி மாற்றி எழுதினார்கள். இமையில் காகிதத் துண்டு மாட்டிப் பார்த்தபோது 5 நிமிடத்தில் 4 மில்லிமீட்டர்தான் நனைந்தது. 10-க்கு மேல் நனைய வேண்டுமாம். கடைசியாக ஒரு டாக்டரம்மா மேல் இமையை லேசாக இழுத்தார். அது அப்படியே மறிந்துவிட்டது. உடனே என்னிடம் கேட்டார்: "குறட்டை விடுவாரா? எந்தப் பக்கம் சரிந்து படுப்பார்?"

இடது பக்கம்தான். உறக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களில் சிலருக்கு இமை தளர்ந்துவிடுகிறது. படுத்த பக்கத்து இமை தலையணையில் உரசி மறிந்து, கண் இரவெல்லாம் காய்கிறது. இமையில் ஊறும் எண்ணெயும் கண்ணீர்மேல் சரியாகப் பரவாது. இருக்கிற நீரும் சீக்கிரம் வற்றிவிடும். திருவனந்தபுரம் போய் உறக்கப் பரிசோதனை செய்தோம். மணிக்கு 38 தடவை மூச்சு தடைபட்டிருந்தது. 30-ஐத் தொட்டாலே கடுமை என்று கணக்கு.

16 வருடம் அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் நான். சட்டென்று நிற்கும், பிறகு திணறி எழும். "அசந்து உறங்குதான், எழுப்பாத மக்ளே" என்பார் மாமி. நானும் எழுப்பவில்லை. உங்கள் இதழிலோ குறட்டை என்றால் எப்போதும் துணுக்கும் கேலிப்படமும்தான். 2 வருடம் முன்பே அது வேண்டாம் என்று எழுதினேன். அந்தக் கடிதம் இதழில் வரவேயில்லை. எங்கள் மாவட்டத்துக்கு நீங்கள் இடம் கொடுப்பதும் சூரிய உதயத்துக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் மட்டும்தான்.

உறக்கத்தில் மூச்சு அடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் மூச்சு இயந்திரம் தந்தவர்களும், அந்த முகமூடி பொருந்தாவிட்டால் காற்று கண்ணுக்கு ஏறும் என்று சொல்லவில்லை. முதல் மாதம் கண் இன்னும் மோசமாகக் காய்ந்தது. வேறு அளவு மாற்றிய பிறகே தணிந்தது.

கண் வறட்சிக்கெல்லாம் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தாங்கள் அறியாததும் அல்ல. குறட்டையும் பகல் உறக்கமும் உள்ளவர்கள் அதைக் கண் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும் என்று அடுத்த இதழில் நான்கு வரி போடுங்கள். இடமில்லை என்றால், அந்தப் "போதும்" தவறு என்றாவது ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.