மதுரை – கோலாலம்பூர் நேரடி விமான சேவை கோரி மனு

அனுப்புநர்:
அருப்புக்கோட்டையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தலைவர்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம்,
ராஜீவ் காந்தி பவன், புது தில்லி.

பொருள்: மதுரையிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இயக்க ஆவன செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகள் மலேசியாவில், கிள்ளானில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய தலைப்பிரசவத்துக்காகச் சென்ற ஆவணியில் என் மனைவியை அனுப்பிவைத்தேன். பெட்டியில் உரை மருந்தும், குழந்தையைச் சுற்றிவைக்கத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நான்கு பருத்திச் சேலைகளும் இருந்தன.

மாலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். முக்கால் மணி நேரத்தில் மதுரை விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம். "இங்கேதானே ஏரோப்ளேன் இருக்கிறது, இதை விட்டுவிட்டு எங்கே போகிறோம்?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை என்று திருச்சி போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் காரை நிறுத்தி, அவளைப் பிடித்து நடக்கவைக்க வேண்டியிருந்தது. விமானம் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டது. வாசலை விட்டு இறங்கியது முதல் கோலாலம்பூரில் தரையிறங்கியது வரை பதினொன்றரை மணி நேரம். அதில் அவள் வானத்தில் இருந்தது நான்கு மணி நேரம்தான்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வான்வழியில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். மதுரையிலிருந்தும் அதே அளவுதான். கூடுதல் தூரம் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. விமானத்துக்கு அது சில நிமிடம். எங்களுக்கோ சாலையில் 130 கிலோமீட்டருக்கு மேல், போகும்போதும் வரும்போதும். மதுரையிலிருந்து 2012 இல் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் பறந்தது. பிறகு துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறந்திருக்கிறது. சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர், கோலாலம்பூரைவிடத் தொலைவு. ஆகவே ஓடுபாதை போதாது என்ற காரணம் இங்கே பொருந்தாது.

தடை காகிதத்தில்தான் இருக்கிறது. இந்தியா – மலேசியா இருதரப்பு விமான ஒப்பந்தத்தில் மதுரைக்குப் 'பாயின்ட் ஆஃப் கால்' தகுதி, அதாவது அந்நாட்டு விமானங்கள் வந்து இறங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட ஊர்களின் பட்டியலில் இடம், தரப்படாததால் மலேசிய நிறுவனங்கள் இங்கு வர முடியவில்லை. இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தடை கிடையாது. இருந்தும் எதுவும் முன்வரவில்லை.

விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை, தேனி மாவட்டங்களில் மலேசியாவில் உறவு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் தாத்தா நாகப்பட்டினம் போய், 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்குப் போனவர். அவர் காலத்தில் கப்பல் நின்ற இடத்துக்குத்தான் போயாக வேண்டும். எங்களுக்கு விமான நிலையம் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது.

எனவே, மலேசியாவுடனான அடுத்த பேச்சுவார்த்தையில் மதுரையை அந்தப் பட்டியலில் சேர்க்குமாறும், அதுவரை இந்திய நிறுவனங்களை அழைத்துப் பேசி வாரத்துக்கு இரண்டு நாளாவது இந்த விமானத்தை இயக்க வழி செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தை மாதம் என் மகள் கைக்குழந்தையுடன் ஊருக்கு வருகிறாள். அவள் மதுரையில் இறங்கும்படி செய்தால் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடன் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: அருப்புக்கோட்டை