ஞாயிறு வாசிப்பு வட்டம்: அனைவரும் கவனிக்கவும்

வணக்கம் உறவுகளே. வரும் ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு, ஹட்டனில் வழமையான இடத்தில் கூடுகிறோம். நூல்: ஜார்ஜ் ஓர்வெல்லின் '1984' (1949). இம்முறை பேசப்போவது அதில் வரும் பொழுதுபோக்குகள் பற்றி மட்டும்.

1. பாட்டு எழுதும் இயந்திரம், லொத்தர் (பரிசுச் சீட்டு) இரண்டும் வரும் பக்கங்களைக் கட்டாயம் வாசித்து வாருங்கள். அந்த லொத்தரில் சில்லறைப் பரிசுகள்தான் உண்மை, பெரிய பரிசை வென்றவர் என்று ஒருவரும் கிடையாது.

2. குழந்தைத் துணி காயப்போடும் பெண் அந்த இயந்திரப் பாட்டையே மனம்விட்டுப் பாடும் இடம் என்னை உலுக்கிவிட்டது. எங்கள் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) காமன் கூத்துப் பாட்டுகள், அதாவது மன்மதன் கதையை ஆடிப்பாடும் கூத்தின் பாட்டுகள், ஞாபகம் வந்தன. தெரிந்தவர்கள் ஒன்றாவது பாட வேண்டும்.

3. புத்தகம் இல்லாதவர்கள் இன்றே சொல்லுங்கள், என்னிடம் இரண்டு பிரதி உண்டு.

4. வெள்ளி இரவுக்குள் 'வருகிறேன்' என்று போடுங்கள், தேநீருக்குக் கணக்கு வேண்டும்.